பெட்டி நம்முடையது, சாவி அவர்களிடம்

புதிதாக வாங்கிய என் கைபேசி போன வாரம் ஒரு கேள்வி கேட்டது. மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டுமாம். விடை சொல்ல இரண்டு பொத்தான்கள் இருந்தன: 'இப்போது', 'பிறகு'. 'வேண்டாம்' என்று மூன்றாவதாக ஒன்று இருக்குமோ என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினேன். இல்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, "கல்யாணம் இந்த மாசமா, அடுத்த மாசமா?" என்று கேட்டதுபோல் இருந்தது. நான் 'பிறகு' என்றேன். வாழ்நாள் முழுக்கக் கம்ப்யூட்டரோடு மாரடித்த ஒருவன் செய்யக்கூடிய அதிகபட்சப் புரட்சி அதுதான்.

இதை ஷபானாவிடம் சொல்லிப் புலம்பினேன். ஆம்பூருக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஷூ ஃபேக்டரியில் நான் 'சிஸ்டம்ஸ்' பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றபோது என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் அவர். அந்த நாற்காலி இடப்பக்கம் சாயும். நான் பல வருடம் அதற்கேற்ப உடம்பைச் சாய்த்து உட்காரப் பழகியிருந்தேன். ஷபானா முதல் நாளே ஒரு ஸ்பேனரை எடுத்து அதைச் சரிசெய்துவிட்டார். என் காலம் முடிந்தது என்பது எனக்குப் பிரிவுபசார மாலையில் தெரியவில்லை, அந்த ஸ்பேனரில்தான் தெரிந்தது.

"உங்க போனாவது கேட்டுச்சு சார்," என்றார் ஷபானா. "இங்க ஒருத்தர் வந்து உக்காந்துனு இருக்கார். லேபர் எல்லாரும் அவங்கவங்க சொந்த போன்ல ஒரு ஆப் போட்டுக்கணுமாம். வந்தது, போனது எல்லாம் அதுலதானாம். வேணாம்னு சொல்றவங்களுக்கு இன்னா வழின்னு கேட்டா, அப்படி யாரும் சொல்ல மாட்டாங்க மேடம்ன்றார்." பிறகு சற்றுத் தயங்கி, "அந்த விரல் பொட்டி விஷயத்துல நீங்க இன்னா பண்ணீங்கன்னு ஆளுக்கொரு கதை சொல்றாங்க. நடந்தத எழுதிக் குடுங்க சார்," என்றார்.

ஆளுக்கொரு கதை என்றதும் எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. ஒரு கதையில் நான் அந்தப் பெட்டியைச் சுத்தியலால் அடித்து நொறுக்கினேனாம். அந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கொஞ்ச நேரம் அதையே உண்மையாக வைத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் அன்றைக்கு என்னோடு இருந்த முனீர் பாய் இன்னும் உயிரோடு, நல்ல காதுகளோடு இருக்கிறார். ஆகவே நடந்ததையே எழுதுகிறேன்.

என் பெயர் தேவசகாயம். கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வாய்க்காது. பாதி நேரம் அந்தச் சகாயத்தை நம்பித்தான் வேலை ஓடியது. வேலூரில் படித்து, மாடிப்படிக்குக் கீழே நடந்த ஒரு பயிற்சி நிலையத்தில் டிப்ளமோ வாங்கி, அக்கவுண்ட்ஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். ஃபேக்டரிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது அதை எப்படி அணைப்பது என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். அந்தத் தகுதியில் எனக்கு ஒரு ஏ.சி. அறை கொடுத்தார்கள். ஏ.சி. கம்ப்யூட்டருக்கு, நான் அதன் காவலாள்.

மேனேஜர் முனீர் பாய். முதலாளி வீட்டு உறவு கிடையாது. தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், ஈரத்தோல் தூக்கி ஆரம்பித்து மேலே வந்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் குரல் இன்னும் கீழே இறங்கும். எதிரில் நிற்பவர் குனிந்து காதைக் கொடுக்க வேண்டியிருக்கும். குனிந்த பிறகுதான் திட்டு விழும்.

எங்கள் பக்கத்துத் தோல் வியாபாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. கட்டுக்கட்டாகத் தோல் வரும். வாங்குகிறவர் கட்டை அவிழ்க்காமல் பேச்சை ஆரம்பிக்க மாட்டார். அவிழ்த்து, மேலே இருப்பதை ஒதுக்கிவிட்டு, நடுவில் கையை விட்டு ஒன்றை உருவுவார். மேலே இருப்பது எப்போதும் அழகாகத்தான் இருக்கும், நூல்களின் அணிந்துரை மாதிரி. உருவிய தோலை மடிப்பார், கட்டைவிரலால் அழுத்துவார், வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார், சிலர் முகர்ந்தும் பார்ப்பார்கள். 'கை வைக்காதே' என்று சொல்லும் வியாபாரியிடம் இந்த ஊரில் ஒருவரும் வாங்க மாட்டார்.

முனீர் பாய் இந்த வழக்கத்தை மெஷின்களுக்கும் வைத்திருந்தார். விற்க வருகிறவர் லேப்டாப்பைத் திறந்து வண்ணப் படங்களைக் காட்ட ஆயத்தமாவார். பாய் கையமர்த்தி டீ வரவழைப்பார். டீ முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து, பேனாக்களுக்கு நடுவே செருகியிருக்கும் சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மேசைமேல் வைப்பார். "கழட்டு" என்பார். அவ்வளவுதான். பின்மூடியைத் திறந்து உள்ளே ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். இந்த ஸ்க்ரூ நம்ம ஊரில் கிடைக்குமா, இந்த பெல்ட்டு போனால் யார் மாற்றுவது, நாமே மாற்றினால் நீ கோபித்துக்கொள்வாயா என்று கேட்பார். சிலர் சீல் வைத்த மெஷின் சார், திறக்கக் கூடாது என்பார்கள். பாய் சிரித்தபடி இன்னொரு டீ கொடுத்து அவர்களை பஸ் ஸ்டாப் வரை கொண்டுவிடச் சொல்வார்.

கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் இந்த ஸ்க்ரூ டிரைவர் செல்லாது என்பதை நாங்கள் ஒரு சம்பள வாரத்தில் கற்றோம். சம்பளக் கணக்கு மென்பொருள் ஒன்று வைத்திருந்தோம். கம்ப்யூட்டரின் முதுகில் விரல் நீளத்தில் ஒரு பூட்டுச் சில்லைச் செருகினால்தான் அது திறக்கும். ஒருநாள் அந்தச் சில்லு செத்துப்போனது. செய்து கொடுத்த கம்பெனி அதற்கு முன்பே கடையைக் கட்டியிருந்தது. பாய் என் அறைக்கு வந்தார். கணக்கு எங்கே என்றார். உள்ளே இருக்கிறது என்றேன். எடு என்றார். எடுக்க முடியாது என்றேன். நம்ம கணக்குதானே என்றார். ஆமாம் என்றேன். நான் குனிய வேண்டியிருக்கும் அளவுக்குக் குரல் இறங்கியது. பழைய அச்சுத்தாள்களைப் பார்த்து எல்லாவற்றையும் மறுபடி கையாலேயே அடித்தோம். என் டைப்பிஸ்ட் தகுதி வாழ்க்கையில் உருப்படியாகப் பயன்பட்டது அந்த வாரம்தான்.

அன்றைக்குப் பாய் எனக்கு ஒரு விதி போட்டார். "உள்ள போற வழிய எவனும் காட்டுவான் சகாயம். வெளிய வர்ற வழிய காட்டச் சொல்லு. அப்புறம் வாங்கு." பின்னாளில் மென்பொருள் பற்றி நான் கனமான புத்தகங்கள் பல படித்தேன், இரண்டை முடிக்கவும் செய்தேன். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்கவில்லை. அதன் பிறகு எது வாங்கினாலும், எங்கள் தகவலைச் சாதாரணக் கோப்பாக வெளியே எடுத்துக் காட்டினால்தான் கையெழுத்து.

இவ்வளவு பக்குவப்பட்ட நாங்கள்தான் அந்த விரல் பெட்டியை வாங்கினோம்.

எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி வருடா வருடம் ஒரு ஆடிட்டரை அனுப்பும். தொழிலாளிகளுக்குச் சரியான நேரத்தில் வேலை விடுகிறார்களா, மிகைநேரத்துக்குக் கணக்கு இருக்கிறதா என்று பார்க்க. வருகைப் பதிவு யாரும் பின்னால் திருத்த முடியாததாக இருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். நியாயமான பேச்சு. கைப்பதிவு என்றால் பேனா யார் கையில் இருக்கிறதோ அவர் சொன்னதுதான் நேரம். ஆகவே விரல் வைக்கும் பெட்டி வந்தது. பாய் வழக்கம்போல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வைத்தார். விற்பவர் தயங்காமல் பின்மூடியைக் கழற்றினார். உள்ளே சுத்தமான வேலை. ஸ்க்ரூக்கள் நம்ம ஊர்க் கடையில் கிடைப்பவை. பக்கத்தில் கார்டு காட்டும் இடம், முன்னால் எண் பலகை, கீழே விரல் கண்ணாடி எல்லாம் இருந்தன. தகவல் வெளியே வருமா என்று நான் கேட்டேன். வரும் என்று காட்டினார். பாய் கட்டை அவிழ்த்து, நடுவில் உருவி, மடித்து, அழுத்திப் பார்த்துவிட்டார். திருப்தி. பூட்டு வேறொரு இடத்தில் இருக்க முடியும் என்று தோலோடு வளர்ந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அந்த ஆய்வில் என் பங்கு, கழற்றிய ஸ்க்ரூக்கள் உருண்டோடாமல் உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு நின்றதுதான்.

தொல்லை பெரிய ஆர்டர் வந்த பருவத்தில் ஆரம்பித்தது.

ஷூவின் மேல்பாகத்தையும் அடிப்பாகத்தையும் ஒட்டும் பசைக்கு எங்கள் ஊரில் சொல்யூஷன் என்று பெயர். ஒட்டும் லைனில் நாள் முழுக்க அதைத் தடவ வேண்டும். வழிந்ததை விரலால் வழிக்க வேண்டும். விரலில் காய்ந்ததைத் தின்னர் தொட்டுத் துடைக்க வேண்டும். கையுறை கொடுத்தோம். கையுறை ஷூவோடு ஒட்டிக்கொண்டது. சில வருடம் இந்த வேலை பார்த்தால் விரல் நுனி கூழாங்கல் மாதிரி வழவழவென்று ஆகிவிடும். ரேகை இருக்காது.

காலையில் கம்பெனி பஸ்கள் வந்து நிற்கும். இறங்கியவர்கள் பெட்டிக்கு முன்னால் வரிசை கட்டுவார்கள். தெரிந்த விரலுக்கு அது இங்கிலீஷில் நன்றி சொல்லும். தெரியாத விரலுக்கு 'பிளீஸ் ட்ரை அகெய்ன்' என்று ஒரு பெண் குரல் சொல்லும். ஒட்டும் லைன் பெண்கள் அதற்கு 'பிளீஸ்காரி' என்று பெயர் வைத்தார்கள். பிளீஸ்காரியைச் சமாதானப்படுத்த ஆளுக்கொரு வைத்தியம். ஒருத்தி விரலைத் தலைமுடியில் தேய்த்து எண்ணெய் ஏற்றுவாள். ஒருத்தி வாயில் வைத்து ஈரமாக்குவாள். இன்னொருத்தி பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு விரலை வைப்பாள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அவள் பிளீஸ் என்பாள்.

கலைச்செல்வி அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர். ஒட்டும் லைனில் ஏழு வருடம், கம்பெனியின் நிரந்தர ஆள். முப்பது வயதுக்குமேல் இருக்கும்; இரண்டு பிள்ளைகள். அவர் வரிசையில் நிற்கவே மாட்டார். தன் விரலால் பின்னால் இருப்பவர்களுக்கு நேரமாகும் என்று ஓரமாக நின்று, எல்லாரும் போன பிறகு ஒரு தரம் வைத்துப் பார்த்துவிட்டு, பிளீஸைக் கேட்டுக்கொண்டு, டைம் ஆபீஸ் ஜன்னலுக்குப் போய்ப் பெயரைச் சொல்வார். கிளார்க் கையால் பதிவு போடுவார். கையால் போட்டது எல்லாம் அறிக்கையில் சிவப்பாக வரும்.

ஆடிட்டுக்கு முந்தைய மாதம் தலைமை அலுவலகத்தில் யாரோ அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டார்கள். இத்தனை கைப்பதிவு இருந்தால் ஆடிட்டர் கணக்கையே நம்ப மாட்டார் என்று பயம். அவர்கள் கண்ட தீர்வு சுலபமானது. சிவப்பாக வருகிறவர்களை கான்ட்ராக்டுக்கு மாற்றிவிடுவது. கான்ட்ராக்ட் ஆட்களின் வருகை கம்பெனிக் கணக்கில் வராது. அதே லைன், அதே சொல்யூஷன், அதே பஸ். நிரந்தரம் மட்டும் இருக்காது. பத்துப் பன்னிரண்டு பேர். கலைச்செல்வி முதல் பெயர்.

அவர் என் ஏ.சி. அறைக்கு வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தது எனக்குக் கூச்சமாக இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், நான் வந்தேன்னு எனக்குத் தெரியும். பஸ் டிரைவருக்குத் தெரியும். லைன்ல இருக்கிற அத்தினி பேருக்கும் தெரியும். அந்தப் பொட்டிக்கு மட்டும் தெரில. அதுக்கு நான் போவணுமா?"

நான் ஏதோ தொழில்நுட்பமாகச் சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"இங்க தடவித் தடவித்தான் சார் விரல் போச்சு," என்றார். "வேல செஞ்சதாலதான் வேல போவுதுன்னா, வூட்ல போய் இத நான் எப்படிச் சொல்றது?"

அவர் போன பிறகு விற்ற கம்பெனிக்கு போன் போட்டேன். பாய் அறையிலிருந்து, ஸ்பீக்கரில். பெட்டியில் கார்டு காட்டும் இடம் இருக்கிறதே, எண் பலகை இருக்கிறதே, மெனுவில் அவற்றைக் காணோமே என்றேன். எதிர்முனையில் பேசிய தம்பி மிகவும் மரியாதையானவர். அந்த வசதிகளெல்லாம் மெஷினில் இருக்கின்றன, ஆனால் எங்களுக்கு இல்லை என்றார். கம்பெனி அதைத் தன் பாஸ்வேர்டால் மூடி வைத்திருக்கிறதாம். பாதுகாப்புக்காக. யாருடைய பாதுகாப்புக்கு என்றேன். எல்லாருடைய பாதுகாப்புக்கும் என்றார். வேண்டுமானால் அடுத்த மாடலில் அது திறந்தே வரும் என்று ஆறுதலும் சொன்னார்.

பாய் போனை நோக்கிக் குனிந்தார். "தம்பி, பொட்டி யாருது?"

"உங்களுதுதான் சார்."

"சாவி?"

"அது எங்ககிட்ட இருக்கு சார்."

"அப்ப வாடகைக்கு வுட்டேன்னு சொல்லு பா. வித்தேன்னு சொல்லாத."

போனை வைத்தபின் நான் கொஞ்சம் வீரமாகப் பேசினேன். பின்மூடிக்குள் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது, அதை அழுத்திப் பிடித்தால் பெட்டி பிறந்த நிலைக்குப் போய்விடும், அவர்கள் பாஸ்வேர்டும் போய்விடும், மூடிய மெனுவெல்லாம் திறந்துகொள்ளும் என்றேன். அவர்கள் மென்பொருள் பிறகு இந்தப் பெட்டியோடு பேசாது. ஆனால் உலகத்தில் யார் யாரோ எழுதி, எல்லாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் வைத்திருக்கும் மென்பொருள் உண்டு. அதை நம் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் ஓட்டலாம். வாரன்டி மட்டும் போகும்.

"வாரன்டி போனா போவட்டும், ஊறுகாயா போடப் போறோம்?" என்றார் பாய். ஆனால் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவில்லை. "பேஜார் அது இல்ல சகாயம். இன்னிக்கு இவங்களுக்காக பூட்ட ஒடப்போம். நாளைக்கு நானே மிகைநேரத்த அழிச்சுட்டேன்னு ஒருத்தன் சொன்னா, இல்லன்னு எப்படிக் காட்டுவ? பூட்டு வேணும்ன்றவன் சொல்றதுலயும் கொஞ்சம் நெசம் இருக்கு."

புரட்சிக்காரர்களுக்கு இந்த இடத்தில்தான் சரக்கு தீரும்.

"பூட்டு யாருகிட்ட இருக்கணும்னு பாக்காத," என்றார் பாய். "உள்ள இருக்கிறத யாரு பாக்கலாம்னு பாரு. அந்தப் பொண்ணு தன் கணக்க தானே பாக்க முடியுமா இப்ப?"

முடியாது. அந்தப் பெட்டியில் யாராலும் தன் பதிவைப் பார்க்க முடியாது. நன்றியோ பிளீஸோ கேட்டுக்கொண்டு போக வேண்டியதுதான். யாரும் திருத்த முடியாத கணக்கு என்றார்கள். தப்பாக இருந்தால் யாருக்கும் தெரியவும் செய்யாது என்பதைச் சொல்லவில்லை.

பாய் அடுத்துச் செய்ததுதான் என்னை இன்றும் ஆச்சரியப்படுத்துகிறது. ஆடிட்டருக்கே போன் போடச் சொன்னார். பெங்களூரில் இருக்கும் அம்மாள். தமிழ் நன்றாகப் பேசுவார், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் பேசுவார். நான் விரல் கதையைச் சொல்லி, செய்ய நினைப்பதையும் மறைக்காமல் சொன்னேன். விரலா, கார்டா, எண்ணா என்பதில் தனக்கு அக்கறை இல்லை என்றார். மாற்றினால் ஒளிக்காமல் மாற்றுங்கள், தொழிலாளிகளுக்கு முதலில் சொல்லுங்கள். வருகிற அன்று நான் கைகாட்டும் எந்த ஆளும் தன் மாதக் கணக்கைத் தானே எடுத்துக் காட்டி, சரி என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் எழுத வேண்டியதை எழுதுவேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். தலைமை அலுவலகம் ஆடிட் முடியும்வரை பட்டியலை நிறுத்திவைத்தது. ஆடிட் கெட்டால் பட்டியலில் என் பெயரையும் சேர்க்கலாம் என்று அவர்கள் நினைத்திருக்கலாம்; என் விரலில் ரேகை சுத்தமாக இருந்தும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சுக்குப் போகாமல் ஃபேக்டரிக்குப் போனேன். என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். உயிர் போகிற காரியமென்றால் ஓய்வு நாளிலும் வேலை செய்யலாம், உங்க பொட்டிக்கு இன்னா நோவு என்று கேட்டாள். பாய் தன் கையாலேயே பின்மூடியைக் கழற்றினார். முன்பே கணக்கையெல்லாம் வெளியே எடுத்து வைத்துக்கொண்டேன். பொத்தானை அழுத்திப் பிடித்தேன். பெட்டி இருண்டது. திரும்ப வெளிச்சம் வந்து, மெனு விரிந்தது. விரல், கார்டு, எண் மூன்றும் தூங்கி எழுந்த பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. மற்றதெல்லாம் பொறுமையின் வேலை. மாதத்தின் முதல் பாதிக் கணக்கைப் புது மென்பொருளில் ஏற்றி, எவரும் தன் எண்ணைத் தட்டினால் தன் மாதத்தைத் தமிழில் பார்க்கும்படி செய்தேன்.

மறுநாள் லைன் லைனாகப் போய், உங்களுக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒரு தொழிற்சாலையில் இந்த வாக்கியம் எவ்வளவு அபூர்வமானது என்பதை அவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்துகொண்டேன். இன்னா சார், எது நல்லது, நீங்களே சொல்லுங்க என்றார்கள். பிறகு சூடு பிடித்தது. கட்டிங் மாஸ்டர்கள் விரலே போதும் என்றார்கள். தையல் பெண்களில் பாதிப் பேருக்குக் கார்டு பிடித்தது, கழுத்தில் மாட்டினால் ஆபீஸ் ஆள் மாதிரி இருக்குமாம். எண் கேட்டவர்களிடம் சொந்தமாக நாலு இலக்கம் யோசிக்கச் சொன்னேன். அன்று மாலைக்குள் ஒட்டும் லைன் முழுவதும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஒற்றுமையாக நின்றது. சுதந்திரம் கொடுத்தாலும் இப்படித்தான் என்று நான் சலித்துக்கொண்டேன். பிறகு என் சொந்த பாஸ்வேர்டு நினைவுக்கு வர, சலிப்பை நிறுத்திவிட்டு, ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து வேறு எண் யோசிக்கவைத்தேன்.

ஆடிட்டர் அம்மாள் வந்தார். நாள் முழுக்க எல்லாம் பார்த்தார். சாப்பாட்டு வேளை முடிந்து சங்கு ஊதுவதற்கு முன் பெட்டி அருகே வந்து நின்றார். கூடவே பாய், நான், ஒட்டும் லைன் சூப்பர்வைசர். கை கழுவிவிட்டு லைனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்களில் ஒருவரை நோக்கிக் கைகாட்டினார். கலைச்செல்வி.

அவர் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு வந்து எண்ணைத் தட்டினார். திரையில் அவர் மாதம் வந்தது. உதடு அசைய ஒவ்வொரு நாளாகப் படித்தார். சரி என்று ஒரு சொல் சொன்னால் பத்துப் பன்னிரண்டு வீட்டில் அடுப்பு நிம்மதியாக எரியும். அவர் ஓர் இடத்தில் நின்றுவிட்டார். மறுபடி படித்தார்.

"இது தப்பா இருக்குது மேடம்," என்றார்.

நான் திரையை எட்டிப் பார்த்தேன். பாய் அசையவில்லை.

"என்ன தப்பு?"

"இந்த மொத சனிக்கெழம. வந்தேன்னு போட்டுக்குது. நான் வரல மேடம்."

எனக்குப் புரிந்துவிட்டது. அது பெட்டியை மாற்றுவதற்கு முந்தைய நாட்களில் ஒன்று. கலைச்செல்வி தினமும் ஜன்னலில் வந்து பெயர் சொல்லிச் சொல்லி, கிளார்க்குக்கு அது பழக்கமாகிவிட்டிருந்தது. அவர் வராத நாளிலும் காலையில் கை தானாகப் பதிவு போட்டுவிட்டது. நல்லெண்ணத்தில் செய்த பொய்க்கணக்கு, ஆனால் பொய்க்கணக்கு. அதைப் பிடித்துக் கொடுத்தவர், யாருக்காக இவ்வளவும் செய்தோமோ அவரே.

"உங்களுக்குச் சாதகமாதானே இருக்கு?" என்றார் ஆடிட்டர்.

"இருக்குது மேடம். ஆனா நான் வரலையே."

"எங்க போயிருந்தீங்க?"

கலைச்செல்வி சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அன்றைக்கு ஜுரம் என்று சூப்பர்வைசரிடம் போனில் சொல்லியிருந்தார் என்பது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

"அமிர்திக்கு," என்றார் மெல்ல. "புள்ளைங்க ரொம்ப நாளா மான் பாக்கணும், ஃபால்ஸ் பாக்கணும்னு கேட்டுனே இருந்துச்சுங்க."

பின்னால் நின்ற லைன் முழுக்கச் சிரித்தது. சூப்பர்வைசர் சிரிக்கலாமா என்று பாயைப் பார்த்தார். ஆடிட்டர் அம்மாள் சிரிக்கவில்லை. தேதியைக் குறித்துக்கொண்டார். கிளார்க்கைக் கூப்பிட்டு, யார் திருத்தினார்கள், ஏன் என்பது திரையில் தெரியும்படி அந்த ஒரு நாளை எங்கள் கண்முன்னே திருத்தவைத்தார். பேனாவை மூடினார். "இன்னிக்கு இங்க நான் பார்த்த கணக்குல இது ஒண்ணைத்தான் யோசிக்காம நம்புறேன்," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிடத்துக்கு நடந்தார்.

அதன் பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பட்டியல் போன இடம் தெரியவில்லை. ஒருவரும் கான்ட்ராக்டுக்குப் போகவில்லை. மாதக் கடைசியில் பெட்டிக்கு முன்னால் தன் கணக்கைத் தட்டிப் பார்த்து, அரை மணி விட்டுப்போச்சு என்று டைம் ஆபீஸில் சண்டைக்கு நிற்பது எங்கள் ஃபேக்டரியில் ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. பாதி சண்டைகளில் நியாயம் அவர்கள் பக்கம் இருந்தது. விற்ற கம்பெனி எங்களுக்கு ஒரு வருத்தக் கடிதம் எழுதியது. இரண்டு வருடம் கழித்து வந்த அவர்கள் புது மாடலில் மெனு திறந்தே இருந்ததாகக் கேள்விப்பட்டேன். எங்களால்தான் என்று நான் நம்புகிறேன், அவர்கள் நம்பவில்லை. ஷபானா இப்போது அந்த ஆப் மனிதரிடம், போன் தொழிலாளிகளுடையது, வேண்டாம் என்கிறவர்களுக்குக் கார்டும் எண்ணும் விரலும் அப்படியே இருக்கும், சம்மதமென்றால் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறாராம். யோசிக்கவைத்ததே பெரிது.

அன்றைக்கு ஆடிட்டர் கட்டிடத்தைத் தாண்டி மறையும்வரை நாங்கள் அப்படியே நின்றோம். சங்கு ஊதியது. லைன் கலைந்தது. கலைச்செல்வி மட்டும் போகவில்லை. ஜுரத்துக்கும் அமிர்திக்கும் என்ன தண்டனையோ என்று பாய் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பாயின் குரல் இறங்கியது. நாங்கள் மூன்று பேரும் பழக்கதோஷத்தில் குனிந்தோம்.

"ஃபால்ஸ்ல தண்ணி இருந்துச்சா மா?"

கலைச்செல்வி நிமிர்ந்து பார்த்தார். "கம்மிதான் பாய்," என்றார். "பாறைதான் ஜாஸ்தி. ஆனா புள்ளைங்க வூட்டுக்கு வர மாட்டேன்னுதுங்க."